உலர வேண்டும், உயிர் போகக் கூடாது

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், இரண்டு மூட்டைக் கேழ்வரகு இருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே கொல்லையில் விளைந்தவை. ஒரே நாளில் அறுத்தவை. ஒன்றைப் பாறைமேல் மெல்லியதாகப் பரப்பி, அடிக்கடி கிளறிவிட்டு, மாலையில் வாரி மூடி, ஐந்தாறு நாள் நிதானமாகக் காயவைத்தார்கள். மற்றதை மழைக்குப் பயந்து ஈரத்தோடு குவித்துப் போட்டார்கள். மூன்றாம் நாள் வெயில் வந்ததும் தார்ச்சாலையில் கொட்டி ஒரே பகலில் காய்ச்சி எடுத்தார்கள். இப்போது இரண்டு மூட்டையிலிருந்தும் ஒவ்வொரு பிடி அள்ளிப் பார்த்தால் பெரிய வேறுபாடு தெரியாது. அரைத்தால் இரண்டும் மாவாகும். கிண்டினால் இரண்டும் களியாகும்.

ஆனால் ஊறவைத்து ஈரத்துணியில் கட்டிப் பாருங்கள். மூன்றாம் நாள் முதல் மூட்டைத் தானியம் வெள்ளை வெள்ளையாக முளை விட்டிருக்கும். இரண்டாவது மூட்டையில் ஆங்காங்கே சில முளைகள் தலைநீட்டும். மற்றவை வழுவழுத்துப் புளித்த வாடை வீசும். தின்பதற்கு வைக்கும் தானியம் செத்துப்போயிருந்தாலும் பாதகமில்லை. முளைகட்டி மால்ட் செய்ய வைக்கும் தானியம் உயிரோடு இருந்தாக வேண்டும். கேட்பதற்கு எளிதான இந்த உண்மையின் முழுக் காரணத்தையும் அறிவியல் கண்டுபிடிக்க 1814 முதல் 1960 வரை, ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு பிடித்தது. காரணம் தெரியாமலே காரியத்தைச் சரியாகச் செய்து வந்தவர்கள் விதை காத்த நம் குடியானவர்கள், அவர்களிலும் பெரும்பாலும் பெண்கள். இந்த இரண்டு கதைகளும் ஜவ்வாது மலையில் எப்படிச் சந்திக்கின்றன என்று பார்ப்போம்.

கிழக்குத் தொடர்ச்சி மலைகளுள் ஒன்றான ஜவ்வாது மலை வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை மாவட்டங்களில் பரவிக் கிடக்கிறது. மலைமேல் வாழ்வோரில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமையும் கேழ்வரகும் அவர்களுடைய பழைய பயிர்கள். வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாக ஏறினால் முதலில் காவலூர் வான் ஆய்வுக்கூடத்தைக் காணலாம். வைணு பாப்பு அவர்கள் 1960களில் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தது இரவு வானம் தெளிவாக இருப்பதற்காக. அவர் பெயரைத் தாங்கிய 2.3 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்கி வருகிறது. வானியலாருக்கு வரமான அந்தத் தெளிந்த வானம் தானியம் காயவைப்பவருக்குத் தொல்லை என்பது வேடிக்கை. மேகமில்லாத இரவில் நிலம் தன் வெப்பத்தை வானுக்கு வீசிவிட்டு விரைவாகக் குளிர்கிறது; குளிர்ந்த பாறையிலும் கதிரிலும் பனி இறங்குகிறது. பகலெல்லாம் வெயில் வாங்கிய ஈரத்தை இரவு திருப்பிக் கொடுத்துவிடுகிறது. மானாவாரிக் கேழ்வரகு மழைக்காலத்தில் வளர்ந்து, மழை ஓயும் முன்போ பனி தொடங்கும் போதோ அறுவடைக்கு வருவதால் இந்த இடர் ஆண்டுதோறும் தப்பாது.

முளையின் வேலை

மால்ட் என்பது வேறொன்றுமில்லை. முளைகட்டி, முளை சற்று வளர்ந்ததும் உலர்த்தி நிறுத்திய தானியம். ஹார்லிக்ஸ் புட்டியின் மூலமாகவே இந்தச் சொல் நம் வீடுகளில் பரவியது எனலாம். இங்கிலாந்திலிருந்து அமெரிக்கா சென்ற ஹார்லிக் சகோதரர்கள் பார்லி மால்ட்டையும் கோதுமை மாவையும் பாலையும் சேர்த்து உலர்த்திய பானத்தூளுக்கு 1883இல் காப்புரிமை பெற்றனர். அதற்குப் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எகிப்தியரும் மெசப்பொட்டேமியரும் முளைத்த பார்லியிலிருந்து மது வடித்தனர். முளைத்த தானியம் இனிக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஏன் இனிக்கிறது என்பதுதான் தெரியாது.

1814ஆம் ஆண்டு வாக்கில், ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கிர்ச்சாஃப் என்னும் வேதியியலார், முளைத்த தானியத்தின் சாரம் ஸ்டார்ச் என்னும் மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றுவதைக் காட்டினார். 1833இல் பாரிஸில் பேயன், பெர்சோ என்ற இருவர் மால்ட் கரைசலில் ஆல்கஹாலை ஊற்றி, அந்த மாற்றத்தைச் செய்யும் பொருளை வெண்மையான வீழ்படிவாகப் பிரித்தெடுத்து, அதற்கு ‘டயாஸ்டேஸ்’ என்று பெயரிட்டனர். இவ்வாறு தனியே பிரித்தெடுக்கப்பட்ட முதல் என்சைம் இதுவே. பின்னர் வந்த என்சைம்களின் பெயர்கள் ‘ஏஸ்’ என்று முடியும் வழக்கமும் இதிலிருந்து வந்ததுதான். மால்ட்டின் வயிற்றிலிருந்து ஓர் அறிவியல் துறையே பிறந்தது என்றால் மிகையாகாது.

என்சைம் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் உலர்ந்த தானியத்தில் மிகக் குறைவாக இருக்கும் அது முளைக்கும்போது மட்டும் பெருகுவானேன்? முளைக்கருவை வெட்டி எறிந்துவிட்டு மீதியை மட்டும் ஊறவைத்தால் மாவு கரைவதில்லையே, அது ஏன்? விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. தைவானில் நெற்பயிர்கள் ஒரு பூஞ்சை நோயால் அளவுக்கு மீறி நெடுநெடுவென்று வளர்ந்து சாய்ந்தன. பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே இதற்குக் காரணம் என்று குரோசாவா என்ற ஜப்பானியர் 1926இல் காட்டினார். அப்பொருளே ஜிப்பரெல்லின். பூஞ்சை மட்டுமன்றிச் செடிகளும் தம் வளர்ச்சிக்கு இதைச் சுரக்கின்றன என்பது பிறகு தெரிந்தது. 1960இல் ஆஸ்திரேலியாவில் பேலெக், ஜப்பானில் யோமோ என இருவர், ஒருவரை ஒருவர் சாராமல், முளைக்கரு நீக்கிய பார்லியில் ஜிப்பரெல்லினை இட்டார்கள். முளைக்கரு இல்லாமலே மாவு கரைந்தது!

இதன் பொருள் என்ன? தானியம் நீரை உறிஞ்சியதும் முளைக்கரு விழித்து ஜிப்பரெல்லினை அனுப்புகிறது. மாவுப் பகுதியைச் சுற்றியுள்ள அலூரோன் என்னும் மெல்லிய அடுக்கு அந்தச் செய்தியைப் பெற்று அமைலேஸ் என்சைமை உண்டாக்குகிறது. அமைலேஸ் மாவை வெட்டிச் சர்க்கரையாக்கிக் குஞ்சுச் செடிக்கு ஊட்டுகிறது. செய்தி அனுப்ப முளைக்கரு உயிரோடு இருக்க வேண்டும். செய்தியைக் கேட்டு வேலை செய்ய அலூரோன் அடுக்கும் உயிரோடு இருக்க வேண்டும். களத்தில் காயும்போதோ மூட்டையில் கிடக்கும்போதோ இவற்றில் ஒன்று செத்தாலும் எவ்வளவு நேரம் ஊறவைத்தாலும் பயனில்லை. செத்த தானியம் சும்மாவும் கிடப்பதில்லை. ஊறலின் ஈரத்திலும் கதகதப்பிலும் பூஞ்சைக்கு அது விருந்தாகிறது; பூஞ்சை அங்கே குடியேறிப் பக்கத்தில் முளைத்துக்கொண்டிருக்கும் நல்ல தானியத்தையும் பிடிக்கிறது. நூற்றில் பதினைந்து செத்திருந்தால் நட்டம் பதினைந்தோடு நிற்காது.

பார்லியும் சோளமும் கேழ்வரகும்

மால்ட் என்றால் பார்லி என்பது ஐரோப்பிய வழக்கு. நம் நாட்டில் பார்லி வடமாநிலங்களின் குளிர்காலப் பயிர். நீலகிரியில் படகர்கள் பயிரிட்டு வந்ததைத் தவிரத் தமிழ்நாட்டுக்கு அது அந்நியம். கோயம்புத்தூர் வேளாண்மைக் கல்லூரியின் வேதியியலாருக்கு இதனால் ஒரு கேள்வி எழுந்தது. ஊரெல்லாம் விளையும் சோளம் பார்லிக்கு மாற்றாகாதா? பி. விஸ்வநாத், டி. லட்சுமண ராவ், பி. ஏ. ரகுநாதசுவாமி அய்யங்கார் மூவரும் இதை ஆராய்ந்து எழுதிய கட்டுரை, முதல் உலகப்போர் முடிந்த வேளையில், இந்திய வேளாண்மைத் துறையின் ஆய்வேட்டில் வெளிவந்தது. விஸ்வநாத் பிற்காலத்தில் இந்திய வேளாண்மை ஆராய்ச்சிக் கழகத்தின் இயக்குநராக உயர்ந்தார். இந்தியத் தானியங்களை மால்ட் கண்கொண்டு பார்த்த தொடக்க கால முயற்சிகளுள் இது ஒன்று.

சோளத்துக்கு ஒரு குறை உண்டு. அதன் இளமுளையில் டுரின் என்ற பொருள் சேர்கிறது. அது சிதைந்தால் சயனைடு நச்சு வெளிப்படும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாடு விழுவது இதனால்தான் என்பதை உழவர்கள் அறிவார்கள். ஆகவே சோள மால்ட்டில் வேரையும் முளையையும் உலர்த்தித் தேய்த்து நீக்குவது கட்டாயம். ஆப்பிரிக்கர்கள் இதை நன்கு கற்று, சோள மால்ட்டைப் பெருந்தொழிலாகவே வளர்த்தனர். நைஜீரியா 1988இல் பார்லி மால்ட் இறக்குமதியைத் தடைசெய்தபோது அந்நாட்டு ஆலைகள் சோளத்துக்கே திரும்பின.

கேழ்வரகுக்கு அந்தத் தொல்லை இல்லை. 1939இல் பெங்களூரிலிருந்து வெளியாகும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில், கேழ்வரகு மால்ட் தொழிலுக்கு ஒரு புதிய மூலப்பொருள் என்று பி. என். சாஸ்திரி எழுதினார். புதியது என்று அவர் சொன்னது தொழிலைத்தான். கேழ்வரகை முளைகட்டிக் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சுவது கன்னட நாட்டிலும் தமிழ்நாட்டிலும் பாட்டிமார் கைவேலை. 1950இல் மைசூரில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் தோன்றிய பின் இந்த ஆய்வு வேகம் பெற்றது. அங்கே தேசிகாச்சார், மல்லேஷி ஆகியோர் பல தானியங்களை முளைகட்டி ஒப்பிட்டபோது, சிறுதானியங்களுள் கேழ்வரகே மால்ட்டுக்கு முதல்தரம் என்பது உறுதிப்பட்டது. அமைலேஸ் நன்றாகப் பெருகுகிறது. மணமும் சுவையும் நன்றாக இருக்கின்றன. ஜவ்வாது மலையின் மற்றொரு செல்வமான சாமை சோற்றுக்கு உயர்ந்தது. முளைமாவில் அது கேழ்வரகுக்கு ஈடாகாது.

இதெல்லாம் பானத்துக்கும் பலகாரத்துக்குமான ஆராய்ச்சிதானே என்று வாசகர்கள் நினைக்கலாம். அப்படியன்று. இதில் ஒரு குழந்தையின் வயிறு சம்பந்தப்பட்டிருக்கிறது.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு வேறு உணவும் தேவை. அதன் வயிறோ சிறியது. கேழ்வரகு மாவைக் காய்ச்சினால் மாவுப்பொருள் நீரைக் குடித்துப் பசைபோல் உப்புகிறது. குழந்தை விழுங்கும் அளவுக்கு அதை நீர்த்தால் ஒரு கிண்ணத்தில் பெரும்பகுதி தண்ணீராகிவிடும். வயிறு நிறையும், உடம்பு தேறாது. முளைத்த கேழ்வரகு மாவில் அமைலேஸ் அந்தப் பசையை வெட்டிவிடுவதால், இருமடங்கு மாவு போட்டாலும் கஞ்சி இளகியே இருக்கும். முழுவதும் முளைமாவாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. சாதாரண மாவில் காய்ச்சிய கெட்டிக் கூழை இறக்கி, கொதி அடங்கி, விரல் பொறுக்காத சூட்டில் இருக்கும்போது ஒரு கரண்டி முளைமாவைத் தூவிக் கிளறினால், சில நிமிடங்களில் கரண்டியிலிருந்து ஒழுகும் பதத்துக்கு வந்துவிடும். கொதிக்கும்போதே போட்டால் என்சைம் வெந்து செத்துவிடும். ஆறியபின் போட்டால் மெத்தனமாகத்தான் வேலை செய்யும். குழந்தைக்குக் கொடுப்பதானால் இளகிய பிறகு மீண்டும் ஒரு கொதி விடுவது பாதுகாப்பு. பரோடாவில் தாரா கோபால்தாஸ் 1980களில் இந்த ‘ஒரு கரண்டி’ முறையை விரிவாக ஆராய்ந்தார். கேழ்வரகின் தாயகமான கிழக்கு ஆப்பிரிக்காவிலும், தான்சானியாவில், மோஷா, ஸ்வான்பெர்க் இருவரும் 1983இல் இதையே எழுதினர். அங்கே இந்த மாவுக்குக் ‘கிமேயா’ என்று பெயர். நம் அங்கன்வாடிகளில் தரப்படும் சத்துமாவுக் கலவையிலும் முளைகட்டிய கேழ்வரகு மாவு சிறிதளவு சேர்க்கப்படுகிறது.

ஆக, ஒரு கரண்டி முளைமாவு வேலை செய்வதும் செய்யாததும் அந்தக் கேழ்வரகு களத்தில் எப்படிக் காய்ந்தது என்பதைப் பொறுத்தது. ஆராய்ச்சிக்கூடத்தில் நல்ல தானியத்தை எடுத்துக்கொண்டு மால்ட் செய்வது எளிது. அந்த நல்ல தானியத்தை மலையிலிருந்து உயிரோடு கொண்டுவந்து சேர்ப்பது அவ்வளவு எளிதன்று.

குவியலும் களமும்

அறுத்த கதிர் செத்த பொருள் அன்று, அது மூச்சுவிடுகிறது. மாவை மெல்ல எரித்து வெப்பத்தையும் நீரையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. ஈரக் கதிரைக் குவித்து வைத்தால் அந்த வெப்பம் வெளியேற வழியில்லை. சூடு ஏறினால் மூச்சு வேகமாகும். மூச்சு வேகமானால் மேலும் சூடு, மேலும் ஈரம். குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வெக்கை தெரியும். கதிர் எளிதில் உதிர்வதற்காகச் சில நாள் குவித்துவைப்பது பல ஊர்களில் வழக்கம். மாவுக்கு அதனால் பெரிய கேடில்லை. மால்ட்டுக்கு அந்தச் சில நாட்களே எமன். தானியம் கறுத்து, முடை நாற்றம் வந்தால் முளைப்புத் திறன் போயே போயிற்று.

ஈரமான விதை சூட்டைத் தாங்காது. உலர்ந்த விதை அதைவிட அதிகம் தாங்கும். உலர்த்தும் கலையின் உயிர்நாடி இந்த ஒரு விதியில் இருக்கிறது. ஈரம் நிறைந்திருக்கும்போது தானியத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 40 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈரம் குறையக் குறையச் சற்றுக் கூட்டலாம். ஐரோப்பிய மால்ட் ஆலைகள் இயந்திரக் காற்றுலர்த்திகளில் இதையே செய்கின்றன. பார்லியில் அவர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. புதிதாக அறுத்த பார்லி முளைக்க மறுத்து உறங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டு மால்ட்காரர்கள் அதை இளஞ்சூட்டில் உலர்த்திச் சில வாரம் வைத்திருந்து அதன் பிறகே ஊறவைத்தனர். உலர்த்தலும் இருப்பும் சேர்ந்து உறக்கத்தைக் கலைத்தன.

நம் மலைக் குடியானவரின் உலர்த்தி பாறைதான். அகன்ற பாறையில் மண் ஒட்டாது. சரிவில் நீர் நிற்காது. காற்று தடையின்றி வீசும். முதல் நாள் கதிரோடு இளவெயிலிலும் காற்றிலும் வாடவிட்டு, அடித்துத் தூற்றிய பிறகு நல்ல வெயிலில் மெல்லியதாகப் பரப்பி, காலால் கோடு கிழித்துக் கிளறிவிடும் பழைய முறை, மேலே சொன்ன விதிக்கு அச்சாகப் பொருந்துவதைக் காணலாம். மாலையில் பனி இறங்கும் முன் வாரிக் குவித்து மூடுவதும் அதில் சேர்ந்ததே. மூடாமல் விட்ட ஒரு பனி இரவு ஒரு பகலின் உழைப்பைத் தின்றுவிடும். அது மட்டுமல்ல, உலர்ந்தும் நனைந்தும் மாறி மாறி வரும் தானியத்தில் நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. வெடிப்பு வழியே பூஞ்சை நுழைகிறது.

தார்ச்சாலையைப் பற்றி இந்தக் கட்டுரையாளனுக்குக் கடுமையான கருத்து உண்டு. கறுத்த தார் வெயிலைக் குடித்து 60 டிகிரி வரையும் ஏறும். அடியில் கிடக்கும் தானியம் வறுபடுகிறது, மேலே கிடப்பது காயாமல் இருக்கிறது. வண்டிச் சக்கரம் கதிரை அடித்துத் தருகிறது என்று மகிழ்கிறோம். உடைந்த தானியம் முளைக்காது என்பதை மறந்துவிடுகிறோம். ஆனால் சாலையில் கொட்டுபவரைக் குறை சொல்லிப் பயனில்லை. எல்லா ஊருக்கும் பாறை இல்லை. சிமெண்டுக் களமும் இல்லை. மழை மிரட்டும்போது கையருகே இருக்கும் காய்ந்த இடத்தைத்தான் யாரும் தேடுவார்கள். தரையிலிருந்து உயர்த்திய மூங்கில் தட்டியில் வலையோ துணியோ விரித்து, கீழிருந்தும் காற்றுப் புகும்படி பரப்புவது செலவு குறைந்த மாற்று. மழை வந்தால் தட்டியோடு தூக்கிக் கூரைக்குள் வைத்துவிடலாம்.

எப்போது காய்ந்தது என்று அறிவது எப்படி? பல்லில் கடித்தால் நசுங்காமல் ‘டக்’கென்று உடைய வேண்டும் என்பது பழைய சோதனை. இன்னொன்றும் உண்டு. நன்கு உலர்ந்த உப்புத்தூளையும் தானியத்தையும் ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டுக் குலுக்கிச் சிறிது நேரம் வைத்தால், உப்பு புட்டியின் சுவரில் ஒட்டினால் ஈரம் மிகுதி என்று பொருள். ஒட்டாவிட்டாலும் முழு நிம்மதி கொள்ள முடியாது. ஏறத்தாழ 15 சதவிகிதத்துக்குக் கீழே இருக்கிறது என்றுதான் அது சொல்லும். நீண்ட நாள் இருப்புக்குக் கேழ்வரகின் ஈரம் 12 சதவிகிதத்துக்குள் வர வேண்டும்.

பானையும் குழியும்

அந்த ஓரிரண்டு சதவிகிதத்துக்கு ஏன் இவ்வளவு மன்றாட வேண்டும்? அமெரிக்க விதை அறிவியலார் ஹாரிங்டன் ஒரு கைக்கணக்குச் சொல்லியிருக்கிறார். விதையின் ஈரம் ஒரு சதவிகிதம் குறைந்தால் அதன் ஆயுள் இரட்டிக்கும். வெப்பநிலை 5 டிகிரி குறைந்தாலும் ஆயுள் இரட்டிக்கும். துல்லியமான விதியன்று, ஆனால் வழிகாட்டப் போதுமானது. காவலூர் கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உயரம் ஆயிரம் மீட்டர் கூடினால் வெப்பநிலை சுமார் ஆறரை டிகிரி குறையும் என்ற கணக்கில், மலைமேல் போளூர்ச் சமவெளியைவிட மூன்று நான்கு டிகிரி குளுமை. ஹாரிங்டன் கணக்குப்படி மலைமேல் வைத்த விதைக்குச் சமவெளி விதையைவிட ஒன்றரை மடங்கு ஆயுள். மலைக்குக் கிடைத்த நல்ல கொடை! ஆனால் அதே கணக்கின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஈரம் ஒரே ஒரு சதவிகிதம் கூடினால் ஆயுள் பாதியாகி, குளிரின் ஆதாயம் முழுவதும் பறிபோய்விடுகிறது. மலைக்காற்றோ ஈரக்காற்று. காற்றின் ஈரப்பதம் 70 சதவிகிதமாக இருக்கும் இடத்தில் திறந்து வைத்த தானியம் 13, 14 சதவிகித ஈரத்தில் வந்து நிற்கும். மழை நாட்களில் அதற்கும் மேலே போகும். 12 சதவிகிதத்துக்குக் காயவைத்ததைச் சணல் சாக்கில் கட்டி மூலையில் போட்டால், அது காற்றிலிருந்து ஈரத்தைத் திரும்பக் குடித்துவிடும்.

பழைய வீடுகளில் தானியத்துக்கு இரண்டு இடங்கள் இருந்தன. உண்ணும் தானியத்துக்குக் குதிரும் தொம்பையும். கொல்லிமலை மலையாளிகள் தொம்பை என்று வழங்குவது, மூங்கிலாலும் மண்ணாலும் வைக்கோலாலும் ஆன பெருங்கூடு. விதைத் தானியத்துக்கோ தனிப் பானை. அதில் சாம்பலும் வேப்பிலையும் நொச்சி இலையும் இட்டு, வாயைச் சாணத்தாலோ மண்ணாலோ மெழுகி, அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றிவிடுவார்கள். உலர்ந்த சாம்பல் ஈரத்தை வாங்கும். பூச்சியின் மேல்தோலைச் சுரண்டி அதை உலரச் செய்து கொல்லும். அடுப்பின் புகையும் இளஞ்சூடும் மழைக்காலம் முழுவதும் பானையைச் சுற்றியுள்ள காற்றை உலர்வாக வைக்கும். கேழ்வரகுக்கும் சாமைக்கும் இயற்கையே ஒரு காவல் தந்திருக்கிறது: அரிசியைக் குடையும் வண்டின் புழு உள்ளே வளர இந்தத் தானியங்களில் இடம் போதாது.

சில ஊர்களில் விதையை அமாவாசை தோறும் எடுத்து வெயிலில் காட்டும் வழக்கம் உண்டு. நிலவுக்கும் வண்டுக்கும் தொடர்பு தேடி அலைய வேண்டாம். அரிசி வண்டு முட்டையிலிருந்து வளர்ந்த வண்டாக ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது. மாதம் ஒருமுறை வெயில் காட்டினால் ஒவ்வொரு தலைமுறையும் பெருகும் முன் தொந்தரவுக்கு உள்ளாகிறது; தானியம் ஏற்றுக்கொண்ட ஈரமும் போகிறது. எழுத்தறியாத வீட்டில் அமாவாசையைவிட நல்ல நாட்காட்டி ஏது?

கன்னட நாட்டில் கேழ்வரகைப் பூமிக்கடியில் ஆழ்ந்த குழிகளில் இட்டு மூடிப் பல ஆண்டு வைத்திருந்தார்கள். பஞ்சத்துக்கு அது கைகண்ட காப்பு. மூடிய குழிக்குள் தானியத்தின் மூச்சே பிராணவாயுவைத் தீர்த்துவிட, பூச்சிகள் மடிகின்றன. குழியைத் திறந்தவுடன் இறங்கினால் மனிதனும் மடிவான். திறந்து காற்றாட விட்ட பிறகே இறங்குவது முறை. ஆனால் மண்ணின் ஈரம் கசியும் குழியில் தானியம் உண்ணத் தகுந்ததாகவே இருந்தும் முளைப்புத் திறனை இழக்கும். குழியில் சோறு இருந்தது. பானையில் விதை இருந்தது. இரண்டையும் அந்நாளைய மக்கள் குழப்பிக்கொள்ளவில்லை.

இன்றைய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மால்ட்டுக்குப் பானை அளவு போதாது. மூட்டை மூட்டையாக, விதைத் தரத்தில், தானியம் வேண்டும். ஒரு பானையைப் பரணில் ஏற்றியவர்கள் நூறு மூட்டையை எங்கே ஏற்றுவது? திருவண்ணாமலையை அடுத்த அத்தியந்தலில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் இயங்குகிறது. புதிய இரகங்களும் அங்கிருந்து வருகின்றன. 2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பின் நகரக் கடைகளில் ராகி மால்ட் பொட்டலங்கள் மலிந்துவிட்டன. ஆனால் உயர்ந்த இரகமும் நகரத்துத் தேவையும் இருந்தும், அறுவடைக்கும் மூட்டைக்கும் இடைப்பட்ட ஒரு வாரத்தில் தானியம் செத்துவிட்டால், மலைவாசிக்குக் கிடைப்பது சாதாரணத் தானியத்தின் விலையே. அந்த ஒரு வாரத்துக்கு வேண்டியவை பெரிய ஆலைகள் அல்ல. ஊருக்கொரு கூரையிட்ட களம், உயர்த்திய தட்டிகள், ஈரம் அளக்கும் ஒரு சிறு கருவி, காற்றுப் புகாத உட்பை வைத்த சாக்குகள். மூன்று அடுக்குப் பிளாஸ்டிக் பைகள் ஆப்பிரிக்காவில் 1980களின் இறுதியில் தட்டைப்பயறுக்காக உருவாகிப் பரவின. அவை குழியின் காற்றடைப்பைத் தருகின்றன, மண்ணின் ஈரத்தைத் தருவதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: சரியாகக் காயாத தானியத்தைக் காற்றுப் புகாமல் கட்டினால் அது சாக்கில் கட்டியதைவிட விரைவில் சாகும். பை, களத்தின் வேலையைச் செய்யாது.

ஜவ்வாது மலைக்கு அருகே, திருப்பத்தூர்ப் பகுதியில், பையம்பள்ளி என்ற ஊர் இருக்கிறது. 1960களில் தொல்லியல் துறையினர் அங்கே அகழ்ந்தபோது புதிய கற்கால மக்கள் வாழ்ந்த தடயங்களோடு கொள்ளு, பச்சைப்பயறு போன்ற தானியங்களும் கரிந்த நிலையில் கிடைத்தன. நெருப்பில் கரிந்ததால் அவை மக்காமல் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தன. கரிந்ததால்தான் அவை இனி முளைக்கவும் மாட்டா. அந்த மக்கள் அடுத்த விதைப்புக்காக உயிரோடு காத்த தானியத்தில் நமக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. அது முளைத்து, விளைந்து, மீண்டும் விதையாகிப் போய்விட்டது.

நம் கோயில் திருவிழாக்களில் பெண்கள் முளைப்பாரி எடுக்கிறார்கள். திருமணங்களில் பாலிகை தெளிக்கிறார்கள். இவை விதையின் தரம் பார்க்கும் சோதனையாகத் தொடங்கியவை என்று சிலர் கூறுவர். அதை மெய்ப்பிக்க வழியில்லை. ஆனாலும் வீட்டுக்கு வீடு தானியத்தை முளைக்கவைத்து ஊர் நடுவே கொண்டுவந்து வைக்கும்போது, யார் வீட்டு விதை எப்படி என்பது எல்லார் கண்ணிலும் படத்தான் செய்யும்.

மால்ட்டுக்கு மூட்டை வாங்குபவரும் விற்பவரும் இதே சோதனையைத் திருவிழாவுக்குக் காத்திராமல் செய்துகொள்ளலாம். மூட்டையின் மேலிருந்தும் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சிறிது எடுத்துக் கலந்து, அதில் நூறு தானியங்களை எண்ணி ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். நல்லது, கெட்டது என்று பொறுக்கக் கூடாது. பிறகு ஈரப் பருத்தித்துணியில் பரப்பிச் சுருட்டி, துணி காயாமல் அவ்வப்போது நீர் தெளித்து, நிழலில் வைக்க வேண்டும். மூன்றாம் நாள் காலையில் துணியைப் பிரித்து முளைத்தவற்றை எண்ண வேண்டும். தொண்ணூற்றைந்துக்குக் குறையாவிட்டால் அந்த மூட்டை மால்ட்டுக்கு, குறைந்தால் கூழுக்கு.